கோப்பையும் குப்பைத்தொட்டியும்: ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் பத்து ஆண்டுகள்

கேள்வி இதுதான்: "2013-ல் 111 ஆட்டம் தோற்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி நான்கே வருடத்தில் எப்படி சாம்பியன் ஆனது? அது திறமையா, திருட்டா? பட்டத்தைப் பறித்திருக்க வேண்டாமா?"

திறமை, திருட்டு இரண்டும்தான். ஆனால் பலர் இந்தக் கதையை நடுவில் வெட்டி இரண்டு துண்டாகச் சொல்கிறார்கள். முதல் பாதியில் கணக்குப் புலிகள் வந்து செத்துக் கிடந்த அணியை எழுப்பினார்களாம், இரண்டாம் பாதியில் ஆட்டக்காரர்கள் சிலர் புத்தி கெட்டு ஏமாற்றினார்களாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. 2011 முதல் 2020 வரை அந்த அணியை ஓட்டியது ஒரே புத்திதான். விதியில் எங்கே இடுக்கு இருக்கிறது, அதில் கை விட்டால் என்ன கிடைக்கும் என்று பார்க்கிற புத்தி அது. அணியைத் தூக்கி நிறுத்தியதும் அதுதான், அவமானத்தில் தள்ளியதும் அதுதான்.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒன்றிரண்டு விஷயம் மட்டும். அமெரிக்க மேஜர் லீக்கில் 30 அணிகள், நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டு பிரிவு. இரண்டின் சாம்பியன்களும் கோப்பைக்கு மோதுவதுதான் உலகத் தொடர். ஒவ்வொன்றும் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடும். நல்ல அணியே 60 தோற்கும், மோசமான அணியும் 60 ஜெயிக்கும். அதனால் 100 தோல்வி என்பதே கேவலம். ஆஸ்ட்ரோஸ் தொடர்ந்து மூன்று வருடம் அதைத் தாண்டியது: 2011-ல் 106, 2012-ல் 107, 2013-ல் 111.

2005-ல் இதே அணி உலகத் தொடர் வரை போய் சிகாகோ வைட் சாக்ஸிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது. 1962-ல் தொடங்கிய அணிக்கு அதுதான் முதல் உலகத் தொடர். அதற்குப் பிறகும் உரிமையாளர் டிரேட்டன் மெக்லேன் பழைய நட்சத்திரங்களை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வயதாகியது, கீழே இளைஞர் படையும் இல்லை. 2011 நடுவில் ஹன்டர் பென்ஸ், மைக்கேல் போர்ன் என்று கையில் மிச்சமிருந்த நல்ல ஆட்டக்காரர்களையும் விற்றார்கள். அந்த வருடக் கடைசியில் அணியே கைமாறியது. சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் சம்பாதித்த ஜிம் கிரேன் 68 கோடி டாலருக்குப் பேசினார். பிறகு, நேஷனல் லீக்கை விட்டு அமெரிக்கன் லீக்குக்கு மாற ஒப்புக்கொண்டால் 7 கோடி டாலர் குறைப்பதாகப் பேச்சு வந்தது. மாறினார். ஐம்பது வருடமாக நேஷனல் லீக் ஆட்டம் பார்த்த ஊரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிரேன் வந்ததும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிலிருந்து ஜெஃப் லூனோவை ஜெனரல் மேனேஜராகக் கூட்டிவந்தார். மெக்சிகோ சிட்டியில் வளர்ந்தவர், மெக்கின்ஸி நிறுவனத்தில் ஆலோசகராக இருந்தவர். பேஸ்பால் ஆடியவர் அல்ல. அவருடன் சிக் மெய்டல் வந்தார், முன்பு நாசாவில் பணிபுரிந்த பொறியாளர். 'முடிவெடுக்கும் அறிவியல்' என்று ஒரு துறையே அவருக்காகத் திறந்தார்கள். ஊர் ஊராகப் போய் ஆள் தேடும் பழைய ஸ்கவுட்டுகள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களில் பலருக்கு வேலை போனது.

தோற்பதில் என்ன லாபம்? ஐரோப்பியக் கால்பந்து போலக் கடைசி இடம் வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளுகிற வழக்கம் அமெரிக்காவில் இல்லை. உள்ளதெல்லாம் நேர் எதிர். பள்ளி, கல்லூரிகளிலிருந்து இளைஞர்களை அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வருடாந்திர டிராஃப்டில், மோசமாக ஆடிய அணிக்கே அப்போது முதல் வாய்ப்பு. 2012-ல் இன்னொரு விதியும் சேர்ந்தது. ஒவ்வொரு அணியும் டிராஃப்டில் செலவழிக்கும் தொகைக்கு வரம்பு வைத்தார்கள், அதிலும் கடைசி அணிக்கே பெரிய பங்கு. அதாவது எண்பது ஆட்டம் ஜெயித்து, பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்று கிடைக்காமல் நிற்பதைவிட ஐம்பது ஜெயித்து அடியில் கிடப்பது மேல்.

இதை லூனோ எப்படிப் பயன்படுத்தினார் என்று 2012 டிராஃப்டில் பார்க்கலாம். முதல் இடத்துக்கு ஒதுக்கியிருந்த தொகை 72 லட்சம் டாலர். எல்லோரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பிட்சர் (பந்து எறிபவர்) மார்க் அப்பெலை எடுப்பார்கள் என்று நினைத்தபோது, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த 17 வயது கார்லோஸ் கொரேயாவை எடுத்து 48 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டார். மிச்சமான 24 லட்சம் சும்மா இருக்கவில்லை. அதிகப் பணம் கேட்பான் என்று மற்றவர்கள் பயந்து விட்டிருந்த லான்ஸ் மெக்கலர்ஸ் என்ற பள்ளி மாணவனை 41-ஆவது இடத்தில் எடுத்து, அந்த இடத்துக்குரிய தொகையைப்போல் இரண்டு மடங்கு, 25 லட்சம் கொடுத்தார். ஒரு முதல் வாய்ப்பில் இரண்டு முதல் தர ஆட்டக்காரர்கள். ஐந்து வருடம் கழித்து உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் மெக்கலர்ஸ், ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் நின்றவர் கொரேயா. இது அப்பட்டமான கெட்டிக்காரத்தனம், விதிக்கு உட்பட்டதும்கூட.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் ரசிகர்கள். 2013 சீசனைச் சொன்னால்தான் அது புரியும்.

அந்த வருடத் தொடக்கத்தில் மொத்த அணியின் சம்பளமும் 2.5 கோடி டாலரை ஒட்டித்தான் இருந்தது. நியூயார்க் யாங்கீஸின் அலெக்ஸ் ராட்ரிகஸ் ஒருவருடைய சம்பளம் அதைவிட அதிகம். பேட்டர்கள் 1,535 முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆனார்கள், அதாவது பந்தை ஒழுங்காக அடிக்காமலே அவுட், அப்போது அது லீக் சாதனை. செப்டம்பரில் ஒரு நாள் ஜோனதன் வியார் என்ற இளைஞர் இரண்டாவது பேஸுக்குத் தலையால் பாய்ந்தார். அங்கே பந்தோடு காத்திருந்த பிராண்டன் பிலிப்ஸின் பின்புறத்தில் போய் முகம் மோதியது. அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது. அதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளீவ்லாண்டுடன் ஆடிய ஆட்டத்துக்கு ஹூஸ்டனில் டிவி ரேட்டிங் 0.0. கணக்கெடுப்புக்கு வைத்திருந்த வீடுகளில் ஒன்றுகூட அந்த சேனலில் இல்லை. அதே நேரத்தில் அமெரிக்கக் கால்பந்து அணியான டெக்சன்ஸின் ஆட்டம் இருந்தது என்பதும் உண்மை. இன்னொரு காரணம், அணியும் கூட்டாளிகளும் தொடங்கிய விளையாட்டு சேனலை எடுக்க முக்கிய கேபிள் நிறுவனங்கள் மறுத்துவிட்டன. ஊரில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் பார்க்க நினைத்தாலும் பார்க்க முடியாது. சேனல் கடைசியில் திவாலானது. கடைசி 15 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று 51-111 என்று சீசன் முடிந்தது.

இதையெல்லாம் பின்னாளில் 'திட்டம்' என்று சொல்வது சுலபம். அன்று டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு அது திட்டமாகத் தெரிந்திருக்காது. லீக்கின் பொது வருவாயில் அணிக்கு வரும் பங்கும் குறையவில்லை. தோல்வியின் நஷ்டம் ரசிகனுக்கு, லாபம் அணிக்கு என்று பிரிந்துபோனது. கணக்கில் வராதது எதுவும் இவர்கள் கண்ணில் படாது என்பதற்கு எனக்கு இதுவே முதல் சாட்சி.

டிராஃப்டில் முதல் இடம் கிடைத்தால் போதும், சாம்பியன் ஆகிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2013-ல் மறுபடி முதல் வாய்ப்பு வந்தது. இந்த முறை அப்பெலை எடுத்தார்கள். ஆஸ்ட்ரோஸுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. 2014-ல் மூன்றாவது தடவையாக முதல் வாய்ப்பு, பிரேடி ஏக்கன் என்ற பள்ளி பிட்சர். 65 லட்சம் டாலர் என்று வாய்மொழியாகப் பேசி முடித்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநாரில் சந்தேகம் வந்தது. தொகையைப் பாதிக்கும் கீழே இறக்கினார்கள், கெடு நெருங்கியபோது கொஞ்சம் ஏற்றினார்கள், பையன் கையெழுத்துப் போடவில்லை. அவரிடம் மிச்சமாகும் பணத்தை நம்பி இன்னொரு பள்ளி மாணவருடன் பேசியிருந்த ஒப்பந்தமும் அதோடு போயிற்று. பேஸ்பால் உலகமே லூனோவைத் திட்டியது. அடுத்த வருடம் ஏக்கனுக்கு அதே முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. முதல் வாய்ப்பு ஆட்டக்காரர் கையெழுத்திடாததற்கு ஈடாக 2015-ல் இரண்டாவது இடம் கிடைத்தது, அதில் வந்தவர் அலெக்ஸ் பிரெக்மன். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஒரு பதினேழு வயதுப் பையனிடம் நடந்துகொண்ட விதம் சரியா என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

2014-ல் ஜே.டி. மார்ட்டினெஸை, பேட்டிங் முறையை அடியோடு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று சொன்னவரை, பயிற்சி முகாமிலேயே விடுவித்தார்கள். டெட்ராய்ட் எடுத்தது. அப்புறம் பல வருடம் லீக்கின் பெரிய அதிரடி பேட்டர்களில் ஒருவர் அவர். பொறியாளர்களும் இப்படிக் கோட்டை விட்டார்கள்.

மறுபக்கம், அணியின் உயிர்நாடியாக ஆனவர் லூனோ கண்டெடுத்தவரே அல்ல. வெனிசுவேலாவில் மரக்காயில் நடந்த தேர்வு முகாமில் ஹோசே அல்ட்டூவே ரொம்பக் குள்ளம், வயதும் பொய்யாக இருக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் பிறப்புச் சான்றிதழோடு மறுபடி வந்து நின்றார். 2007-ல் 15,000 டாலருக்கு எடுத்தார்கள். ஐந்தடி ஆறங்குல உயரம். 2014-ல் 225 ஹிட் அடித்து லீக் பேட்டிங் பட்டம், 2017-ல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். ஜார்ஜ் ஸ்பிரிங்கர், டாலஸ் கைக்கல் இருவரும்கூட முந்தைய நிர்வாகம் டிராஃப்டில் எடுத்தவர்கள்தான். ஆஸ்ட்ரோஸ் கதையில் இந்தப் பழைய ஸ்கவுட்டுகளுக்கு உரிய இடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

புது நிர்வாகத்தின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருந்தது. வேறு அணிகள் வேண்டாம் என்று தள்ளிய ஆட்களிடம் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். காலின் மெக்ஹ்யூ என்ற பிட்சரை கொலராடோ விட்டுவிட்டது. அவருடைய கர்வ் பந்து சராசரியைவிட வேகமாகச் சுழல்வதை ஹூஸ்டன் அளவெடுத்து வைத்திருந்தது. கீழே இறங்கும் சிங்கர் பந்தை விடு, கர்வை அதிகம் போடு என்றார்கள். 2015-ல் அவருக்கு 19 வெற்றி. ஃபீல்டர்களை ஒவ்வொரு பேட்டருக்கும் ஏற்ப இடம் மாற்றி நிறுத்துவதிலும் இவர்கள் முன்னோடி. இந்த விவரமெல்லாம் 'கிரவுண்ட் கன்ட்ரோல்' என்ற தரவுத்தளத்தில் இருந்தது. அதை எந்த அளவுக்கு மதித்தார்கள் என்றால், லூனோவின் பழைய அணியான கார்டினல்ஸின் அதிகாரி கிறிஸ் கொரேயா அதற்குள் திருட்டுத்தனமாக நுழைந்து 46 மாதம் சிறைத்தண்டனை வாங்கினார். கார்டினல்ஸ் இரண்டு டிராஃப்ட் வாய்ப்பையும் 20 லட்சம் டாலரையும் ஆஸ்ட்ரோஸுக்குக் கொடுக்க வேண்டிவந்தது. இந்த விவகாரத்தில் ஆஸ்ட்ரோஸ் பாதிக்கப்பட்ட தரப்பு என்பது இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

2014 ஜூனில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை ஸ்பிரிங்கரை அட்டையில் போட்டு, 2017 உலகத் தொடர் சாம்பியன்கள் இவர்கள்தான் என்று எழுதியது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருடம் அணி 92 தோல்வி.

2015-ல் யாரும் எதிர்பாராத நேரத்தில் விழித்துக்கொண்டது. களத்தில் அணியை நடத்த வந்த புது மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச். கைக்கல் உள்ளூரில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 15-0 போட்டு, லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். பிளேஆஃபில் யாங்கீஸை அவர்கள் ஊரிலேயே ஒற்றை ஆட்டத்தில் 3-0 என்று வெளியேற்றிவிட்டு, கான்சாஸ் சிட்டியை இரண்டுக்கு ஒன்று என்று முந்தி, நான்காவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் 6-2 என்று முன்னால் இருந்தார்கள். ஆறே அவுட் எடுத்தால் போதும். எட்டாவது இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் போனது, 9-6 என்று தோற்றார்கள், தொடரும் போனது. கான்சாஸ் சிட்டி சாம்பியன் ஆனது. 2016-ல் தொடக்கமே சொதப்பல், 84 வெற்றியோடு வீட்டுக்குப் போனார்கள்.

2017 வேறு அணி. கார்லோஸ் பெல்ட்ரான், பிரையன் மெக்கேன், ஜோஷ் ரெடிக், சார்லி மார்ட்டன் என்று அனுபவசாலிகள் சேர்ந்தார்கள். 2013-ல் 1,535 ஆக இருந்த ஸ்ட்ரைக்-அவுட் 1,087-க்கு வந்தது. 30 அணிகளிலும் அதுதான் குறைவு. 101 வெற்றி. ஆகஸ்ட் 25-ல் ஹார்வி புயல் டெக்சஸில் கரையேறி ஹூஸ்டனை வெள்ளத்தில் மூழ்கடித்தது. உள்ளூரில் ஆட வேண்டிய ஆட்டங்களை ஃப்ளோரிடாவில் போய் ஆடினார்கள். அதே வாரம், ஆகஸ்ட் 31 நள்ளிரவுக் கெடுவுக்குச் சில வினாடிகளே இருக்கும்போது, டெட்ராய்டிலிருந்து பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கினார்கள். வந்த ஐந்து ஆட்டத்திலும் ஜெயித்தார். பிறகு யாங்கீஸுக்கு எதிரான லீக் இறுதியில் தொடர் நாயகன்.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுடன் நடந்த உலகத் தொடரை இன்றும் என்னால் முழு மனதோடு ரசிக்கவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. ஐந்தாவது ஆட்டம் ஹூஸ்டனில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. டாட்ஜர்ஸ் முதலில் நான்கு ரன் முன்னிலை, ஆஸ்ட்ரோஸ் சமன், டாட்ஜர்ஸ் மூன்று, மறுபடி சமன், இப்படியே போய் பத்தாவது இன்னிங்ஸில் பிரெக்மன் அடித்த ஹிட்டில் 13-12. அன்று கிளேட்டன் கெர்ஷா போட்ட ஸ்லைடரிலும் கர்விலும் ஹூஸ்டன் பேட்டர்கள் அநேகமாக ஏமாறவே இல்லை. பார்த்தவர்கள் 'என்ன பொறுமை!' என்று வியந்தோம். நவம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஏழாவது ஆட்டம் 5-1. மார்ட்டன் கடைசி நான்கு இன்னிங்ஸையும் தானே முடித்தார். ஐந்து ஹோம் ரன் அடித்த ஸ்பிரிங்கர் தொடர் நாயகன். 2014-ல் அட்டையில் வந்த அதே ஆள்.

இரண்டு வருடம் கழித்து, 2019 நவம்பரில், 2017 அணியில் இருந்த பிட்சர் மைக் ஃபையர்ஸ் 'தி அத்லெடிக்' இதழிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

திருட்டு எப்படி நடந்தது? அடுத்து எந்தப் பந்து என்பதை, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் அப்போதெல்லாம் தொடைக்கு நடுவே விரலால் பிட்சருக்குக் காட்டுவார். நேர்வேகப் பந்தா, மெதுவாக வரும் பந்தா, வளையும் பந்தா என்று முன்கூட்டித் தெரிந்தால் பேட்டருக்குப் பாதி வேலை முடிந்தது. அடுத்து வருவது கூக்ளி என்று பெவிலியனிலிருந்து ஒருவர் ஒவ்வொரு பந்துக்கும் விசிலடித்தால் எப்படி இருக்கும், அதுதான். இரண்டாவது பேஸில் நிற்கும் ரன்னர் கண்ணால் பார்த்துச் சொன்னால் தப்பில்லை, அது விளையாட்டின் பகுதி. கேமரா வைத்துப் பார்க்கக் கூடாது. ஆஸ்ட்ரோஸ் தங்கள் ஸ்டேடியத்தில் மையக் களத்துக் கேமரா படத்தை டக்அவுட்டுக்குப் பின்னால் சுரங்கவழியில் ஒரு மானிட்டருக்குக் கொண்டுவந்தார்கள். யாராவது ஒருவர் அதைப் பார்த்து, மெதுப்பந்து என்றால் பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டியை மட்டையால் அடிப்பார். சத்தம் இல்லை என்றால் வேகப்பந்து. அந்த ஸ்டேடியத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் என்ரான் ஃபீல்டு, கணக்கு மோசடியில் திவாலான அதே என்ரான் நிறுவனத்தின் பெயர்.

2017 செப்டம்பரில் சிகாகோ பிட்சர் டேனி ஃபார்குவார்தான் இதை மைதானத்திலேயே பிடித்தார். வேகம் குறைத்து எறியும் சேஞ்சப் பந்துக்கு கேட்சர் விரல் காட்டும் ஒவ்வொரு முறையும் 'டொம்' என்று ஒரு சத்தம். நல்ல பந்துகள், ஆனால் பேட்டர் எல்லாவற்றையும் எப்படியோ தொட்டுவிடுகிறார். மூன்றாவது சத்தத்துக்குப் பிறகு மேட்டை விட்டு இறங்கி கேட்சரைக் கூப்பிட்டுச் சைகையை மாற்றினார். வெலவெலத்துப்போன ஆஸ்ட்ரோஸ் ஆட்கள் ஆட்டம் முடிவதற்குள் மானிட்டரைச் சுவரிலிருந்து கழற்றி ஒளித்துவைத்தார்கள் என்று பின்னால் லீக் அறிக்கை சொன்னது. இது நடப்பதற்குச் சில நாள் முன்புதான், பாஸ்டன் அணி ஆப்பிள் வாட்ச் வைத்துச் சைகை திருடியதற்காக அபராதம் போட்டு, இனி இப்படிச் செய்தால் மேனேஜரும் ஜெனரல் மேனேஜருமே பொறுப்பு என்று கமிஷனர் ராப் மான்ஃபிரெட் எல்லா அணிக்கும் சுற்றறிக்கை விட்டிருந்தார். அதற்குப் பிறகும் பிளேஆஃபில் நிறுத்தவில்லை.

இதில் எனக்கு மறக்காத பெயர் மைக் போல்சிங்கர். டொராண்டோ அணியில் ஒட்டிக்கொண்டிருந்த பிட்சர். 2017 ஆகஸ்ட் 4 அன்று ஹூஸ்டனில் எறிய வந்தார். ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் நான்கு ரன் போனது. கீழ் லீக்குக்கு அனுப்பினார்கள், திரும்ப மேஜர் லீக்கில் ஆடவே இல்லை. ஆஸ்ட்ரோஸ் ரசிகர் ஒருவர், வலைத்தளம் வடிவமைப்பது தொழில், 2017-ன் 58 உள்ளூர் ஆட்டங்களின் வீடியோவை ஒவ்வொரு பந்தாகக் கேட்டுக் கணக்கெடுத்தார். 8,200-க்கும் மேற்பட்ட பந்துகள், 1,143 தொட்டிச் சத்தம். ஒரே ஆட்டத்தில் அதிகம் கேட்டது அந்த ஆகஸ்ட் 4 ஆட்டத்தில்தான். தன் அணியின் திருட்டைத் தானே எண்ணி வெளியிட்ட அந்த ரசிகருக்கு ஒரு சலாம்.

சரி, தொட்டியால்தான் ஜெயித்தார்களா? இங்கே கணக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. 2017 லீக் சுற்றில் உள்ளூரில் 48-33, வெளியூரில் 53-28. தொட்டி இல்லாத இடத்தில்தான் அதிகம் ஜெயித்தார்கள். ஆனால் பிளேஆஃபில் உள்ளூரில் 8-1, வெளியூரில் 3-6. அதே ரசிகரின் கணக்கில் அல்ட்டூவே பேட் செய்தபோது கேட்டது 24 சத்தம்தான். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று சக ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். அப்படியும் எந்த ஊரிலும் கடுமையாகக் கேலி வாங்குவது அவர்தான். என் முடிவு இது: அந்த அணி தொட்டி இல்லாமலும் பிளேஆஃப் போயிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஏழு ஆட்டம் வரை போன இரண்டு தொடர்களையும் ஜெயித்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது, அப்படிச் சொல்ல முடியாமல் செய்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

ஆட்டக்காரர்கள் மட்டும் கெட்டுப்போனார்கள் என்ற வாதம் ஏன் நிற்காது என்பதற்கு வருகிறேன். 2016 செப்டம்பரிலேயே, தொட்டிக்கு முன்னால், எதிரணிச் சைகைகளை உடைக்கும் ஓர் எக்செல் கணக்கை ஓர் இன்டர்ன் லூனோவிடம் காட்டியதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அதற்கு 'கோட்பிரேக்கர்' என்று பெயர். எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது தனக்குத் தெரியாது என்று லூனோ இன்றுவரை சொல்கிறார். மேனேஜர் ஹின்ச்சுக்குத் தொட்டி பிடிக்கவில்லை, மானிட்டரை இரண்டு முறை உடைத்தார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. உடைத்தவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாததுதான் எனக்கு இன்னும் புரியாத புதிர்.

அதே மனப்பான்மை மற்ற இடங்களிலும் தெரிந்தது. குடும்ப வன்முறைக் கொள்கையை மீறியதற்காக 75 ஆட்டத் தடை பெற்றிருந்த பிட்சர் ரொபெர்டோ ஓசுனாவை 2018-ல் தடை முடிவதற்குள் வாங்கினார்கள். யாரும் தொடத் தயங்கியதால் விலை மலிவு. 2019-ல் லீக் பட்டம் வென்ற இரவில் துணை ஜெனரல் மேனேஜர் பிராண்டன் டாப்மன், பெண் நிருபர்கள் நின்ற பக்கமாகத் திரும்பி, நல்லவேளை ஓசுனாவை வாங்கினோம் என்று கத்தினார். செய்தி வந்ததும் அது ஜோடித்தது என்று அணி அறிக்கை விட்டது. நேரில் கேட்டவர்கள் பலர் இருந்ததால் சில நாளில் மன்னிப்புக் கேட்டு அவரை நீக்கியது.

ஆட்டத்தில் இவர்கள் உச்சத்தில் இருந்ததும் அப்போதுதான். 2018-ல் 103 வெற்றி, பாஸ்டனிடம் தோல்வி. 2019-ல் 107 வெற்றி, பிட்சர் கெரிட் கோல் எடுத்தது 326 ஸ்ட்ரைக்-அவுட், வெர்லாண்டருக்கு சை யங். உலகத் தொடரில் வாஷிங்டனுடன் ஏழு ஆட்டம், ஏழிலும் வெளியூர் அணியே ஜெயித்தது. ஏழாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் 2-1 முன்னிலையில் சாக் கிரெய்ங்கியை இறக்கிவிட்டு வில் ஹாரிஸைக் கொண்டுவந்தார் ஹின்ச். ஹோவி கென்ட்ரிக் அடித்த பந்து வலப்புறக் கம்பத்தில் பட்டு ஹோம் ரன். கோல் கடைசிவரை, மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னிலேயே இருந்தார். அடுத்து அவர் போட்ட சட்டை யாங்கீஸுடையது.

2020 ஜனவரி 13 அன்று தீர்ப்பு. லூனோவுக்கும் ஹின்ச்சுக்கும் ஒரு வருடத் தடை, 50 லட்சம் டாலர் அபராதம், 2020, 2021 டிராஃப்டுகளின் முதல் இரண்டு சுற்று வாய்ப்பும் ரத்து. அன்றே கிரேன் இருவரையும் வேலையை விட்டு நீக்கினார். 2017-ல் பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் கோரா பாஸ்டன் வேலையை இழந்தார். பெல்ட்ரான் நியூயார்க் மெட்ஸ் மேனேஜராக ஒரு ஆட்டம்கூட நடத்தாமல் போனார். ஆட்டக்காரர் ஒருவருக்கும் ஒரு நாள் தடைகூட இல்லை. உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று வாக்குக் கொடுத்து வாங்கிய சாட்சியம் அது. பிப்ரவரியில் நிருபர்கள் முன் வந்த கிரேன், இது ஆட்டத்தைப் பாதிக்கவில்லை என்றார். ஒரு நிமிடம் கழித்து, அப்படி நான் சொல்லவில்லை என்றார்.

அந்த ஜூலையில் டாட்ஜர்ஸ் பிட்சர் ஜோ கெல்லி பிரெக்மனின் தலைக்குப் பின்னால் ஒரு பந்து எறிந்து, கொரேயாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக் கேலி செய்தார். அவருக்கு எட்டு ஆட்டத் தடை, பிறகு ஐந்தாகக் குறைத்தார்கள். திருடியவர்களுக்குக் கிடைக்காத தண்டனை, திட்டியவருக்கு.

கோவிட் காரணமாக அந்த சீசனில் ரசிகர்களே இல்லை. ஊர் ஊராகப் போய் வாங்க வேண்டிய ஏச்சு ஒரு வருடம் தள்ளிப்போனது. எழுபது வயது டஸ்டி பேக்கர் மேனேஜராக வந்தார். 60 ஆட்டத்தில் 29-31. விரிவாக்கப்பட்ட பிளேஆஃபில் எப்படியோ நுழைந்து, டாம்பா பேயிடம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கி, மூன்றுக்கு மூன்று வரை வந்து, ஏழாவதில் தோற்றார்கள். பத்தாண்டு அத்தோடு முடிந்தது.

கடைசியாக, பட்டத்தைப் பறிப்பது பற்றி. லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் அதை டாட்ஜர்ஸுக்குக் கொடுக்கச் சொல்லித் தீர்மானமே போட்டது. ஆனால் தொட்டிச் சத்தத்துக்கு நடுவே யாங்கீஸும் ஏழு ஆட்டம் ஆடித்தான் தோற்றார்கள். அவர்களுக்கு ஏன் இல்லை? பட்டியலிலிருந்து பெயரை அழிப்பதால் போல்சிங்கருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் எதிர்பார்த்தது ஆட்டக்காரர்களுக்குத் தடை. அவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தது சிறந்த முடிவு அல்ல என்று மான்ஃபிரெட்டே 2023-ல் சொன்னார்.

திறமை பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு 2022-ஐப் பாருங்கள். ஃபிலடெல்ஃபியாவை வென்று மறுபடி சாம்பியன். 2017 அணியில் மிச்சமிருந்தவர்கள் ஐந்து பேர்தான். நான்காவது ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் தொடங்கிவைத்த கிறிஸ்டியன் ஹாவியர், 10,000 டாலருக்கு டொமினிக்கன் குடியரசில் எடுத்த பையன். இடதுகை பேட்டர் யோர்தான் ஆல்வரெஸ், ஒரு சாதாரண ரிலீஃப் பிட்சரைக் கொடுத்து வாங்கியவர்.

அதே 2022-ல் லீக்கும் இரண்டு வேலை செய்தது. டிராஃப்டின் முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் முறை கொண்டுவந்தது. கேட்சர் பொத்தான் அமுக்கினால் பிட்சரின் தொப்பியில் குரலாகக் கேட்கும் பிட்ச்காம் கருவியையும் அனுமதித்தது. ஆனால் ஆஸ்ட்ரோஸின் டிராஃப்டை நடத்திய மைக் இலியாஸும், கூடவே மெய்டலும், 2018-லேயே பால்டிமோருக்குப் போய்விட்டார்கள். பால்டிமோர் 2021-ல் 110 ஆட்டம் தோற்றது, 2023-ல் 101 ஜெயித்தது.